ரொட்டி வரிசையில் நின்ற புர்ஹான்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மண்டபத்தைக் கொடுத்து உதவிய பேக்கரி உரிமையாளர் சங்கத்தாரே, எல்லைக்கு அந்தப் பக்கம் சிரியாவின் தெராவில் பிறந்து, இந்தப் பக்கம் ஜோர்தானின் இர்பிதில் துக்கம் கேட்க வந்திருக்கும் உறவினர்களே, பெண்கள் பகுதியில் இருக்கும் சகோதரி உம்மு யமான் அவர்களே! எல்லோருக்கும் முன்பாக, முதல் வரிசையில், இஸ்திரி போட்ட சட்டை கசங்கிவிடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு தொழிலாளர்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

நம் ஆசிரியர் உஸ்தாத் மம்தூஹ் மஸாலிமா நம்மை விட்டுப் போய் இன்றோடு நாற்பது நாள். என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அழைப்போடு ஒரு வேண்டுகோளும் வந்தது. "பழைய கதையெல்லாம் கிளற வேணாம் அபூ நாயிஃப். நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க." யார் சொன்னது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இந்த மேடையில்தான் இருக்கிறார், இப்போது தண்ணீர் குடிக்கிறார். நான் பழைய கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஐந்து நிமிடத்திலும் முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் தைஸீர் ரூசான், அபூ நாயிஃப் என்று கூப்பிடுவார்கள். இருபத்தொன்பது வருடம் தொழிலாளர் அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்தவன். சந்தேகப்படுவதுதான் என் தொழில். ஒரு முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தால் அவர் கடையின் பின்வாசலைத் தேடிப் போவேன். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. தேநீரில் என் மனைவி ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டால், என்ன காரியம் ஆகவேண்டும் என்று கேட்கிறேன். வீட்டில் எனக்கு என்ன மரியாதை இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தியோடுதான் இன்றைக்கு இந்த மண்டபத்துக்குள் நுழைந்தேன். வாசலில் ஆளுயரத்தில் ஒரு மலர் வளையம். உஸ்தாதின் சொந்தத் தம்பி வைத்ததைவிடப் பெரியது. யார் வைத்தது? வளைகுடாவில், ஹோட்டல்களின் துணி வெளுக்கும் ஆலை ஒன்றுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் சார்பாக, முதல் வரிசையின் ஓரத்தில் நீல டை கட்டி அமர்ந்திருக்கும் திரு. வஜ்தி வைத்தது. வாருங்கள் திரு. வஜ்தி, நல்வரவு. காப்பி கொடுத்தார்களா? நம் துக்கக் காப்பி கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலர் வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேசைமேல் பச்சை நிறத்தில் ஒரு கோப்பு, ஒரு மைப்பெட்டி. துக்க வீட்டில் மைப்பெட்டி எதற்கு? விசாரித்தேன். இந்தப் பன்னிரண்டு பேரும் அந்த ஆலைக்கு வேலைக்குப் போகிறார்களாம். உரைகள் முடிந்து, சாப்பாடு வைப்பதற்கு முன்னால், இவர்களின் காப்பாளர்களான வீட்டார் எல்லோரும் உஸ்தாதின் நினைவாகக் கையெழுத்துப் போடப் போகிறார்களாம். அந்தக் கோப்பை எனக்கு யாரும் காட்டவில்லை. நானே எடுத்துப் படித்தேன். பட்டியலில் முதல் பெயர் புர்ஹான்.

புர்ஹான்! அதோ மூன்றாவது நாற்காலியில் இருக்கிறானே, பெரிய தோள், சின்னக் கண்கள், காலர் பட்டனைக் கழுத்து இறுகப் போட்டிருக்கிறானே, அவன்தான். முப்பத்தொரு வயது. கடிகாரம் பார்க்கத் தெரியாது. எண்ணினால் பதினைந்துக்கு மேல் குழம்பிவிடுவான். ஆனால் அபூ ராத்திபின் பேக்கரியில் சூடான ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைக்கும் பலகையில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், இவனைப் போல் பரப்ப ஆள் கிடையாது. அவன் எங்கே போகிறான், யாரோடு போகிறான், திரும்பி வருவானா என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த மேசையில் முடிவாகப் போகிறது. அதனால்தான் நான் ஐந்து நிமிடத்தில் இறங்க மாட்டேன் என்கிறேன்.

யார் இந்த உஸ்தாத் மம்தூஹ்? தெராவில் மூன்று அறைப் பள்ளி ஒன்றில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த மனிதர். குண்டு விழுந்த குளிர்காலத்தில் எல்லை தாண்டி வந்தார். வந்த மறு மாதமே ஒரு தரைக்கீழ் அறையை வாடகைக்கு எடுத்தார். நம் வீடுகளில் பின்னறையில் உட்காரவைத்திருந்த அண்ணன்களையும் அக்காள்களையும் தேடிப் போய்க் கூட்டி வந்தார். மாவு பிசைய, பெட்டி மடிக்க, துணி தேய்க்க, பாத்திரம் கழுவக் கற்றுக்கொடுத்தார். "புரிஞ்சுதா?" என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், இந்த மேடையில் இருப்பவர்கள் உட்பட. அவர் கேட்டது ஒன்றுதான். "செஞ்சு காட்டு."

ஒருவரை ஒரு கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கடையில் ஒரு வாரம் தானே போய் வேலை செய்வார். கோழி அறுக்கும் கடையில் மூன்றாம் நாளே ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். "அங்க கத்தி பிரச்சினை இல்ல. அங்க இருக்கிறவன் வாய்தான் பிரச்சினை. என் பசங்களை அந்த வாய்க்குக் குடுக்க மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். கடைசியாக ஒரு பழக்கம் வைத்திருந்தார். வேலைக்குப் போகிற ஆள், முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் வாயால் சொல்லவேண்டும்: எங்கே போகிறேன், என்ன செய்யப் போகிறேன், பயமாக இருந்தால் யாரைக் கூப்பிடுவேன். அதற்காகத் தெருவில் போகிற காய்கறி வண்டிக்காரனைப் பிடித்து உட்காரவைப்பார். அவனுக்கு விளங்கினால்தான் கையெழுத்து. விளங்காவிட்டால் இன்னும் ஒரு வாரம்.

அந்த நாட்களில் இவர்களுக்கு வேலை அனுமதி வாங்குவது என்ன சாதாரணக் காரியமா? உள்ளூர்க்காரருக்குக் குறைபாடு இருந்தால் அதற்கென்று ஒரு சன்னல் உண்டு. அங்கே போனால், "இவன் வெளிநாட்டான், அந்தச் சன்னலுக்குப் போ" என்பார்கள். அந்தச் சன்னலுக்குப் போனால், "இவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? குறைபாடு உள்ளவங்களுக்கு அந்தச் சன்னல்" என்பார்கள். முதலாளிகளோ, கிடைக்கிற பர்மிட்டை இவனுக்கா வீணாக்குவது என்பார்கள். இரண்டு சன்னல்களுக்கும் நடுவில் உஸ்தாத் பதினோரு மாதம் நடந்தார். அந்தச் சன்னல்களுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு அன்று அவரைப் பெயரால்கூடத் தெரியாது.

பர்மிட் வருவதற்கு முன்பே புர்ஹான் பேக்கரியில் வேலை செய்துகொண்டிருந்தான். வாயைத் திறந்து சொல்கிறேன், அப்போது எல்லாச் சிரியர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் பின்வாசல் வழியாக ஓட்டம். ஆனால் புர்ஹானால் ஓட முடியாது. சந்தில் நாய் உண்டு, நாயென்றால் அவனுக்கு உயிர் போகும். எனவே உஸ்தாத் அவனுக்கு வேறு ஒரு வழி கற்றுக்கொடுத்தார். கோப்போடு ஒருவர் உள்ளே வந்தால் ஏப்ரனைக் கழற்று. ஆணியில் மாட்டு. கையை முழங்கை வரை கழுவு. பையை எடு. முன்பக்கம் போய் ரொட்டி வாங்குகிறவர்கள் வரிசையில் நில். கேட்டால் இரண்டு கிலோ ரொட்டி என்று சொல். உஸ்தாத் வந்து "அவர் போயிட்டார்" என்று சொல்கிற வரைக்கும் வரிசையை விட்டு நகராதே. வாரக்கணக்கில் பழக்கினார். நண்பர்களே, அந்த மனிதர் ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் அது கல்லில் அடித்த ஆணி மாதிரி நிற்கும்!

பிறகு பர்மிட் வந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை, புர்ஹானின் படத்தோடு. அபூ ராத்திப் தெரு முழுக்க எள் ரொட்டி கொடுத்தார். அட்டை புர்ஹானின் சட்டைப் பையில் ஏறியது. அடுத்த வாரம் நான் வந்தேன்.

ஏன் வந்தேன்? சந்தேகம்! குறைபாடு உள்ளவர்களின் பெயரில் பர்மிட் எடுத்துக்கொண்டு, அந்த மறைவில் வேறு ஆட்களை வேலை வாங்குகிறார்கள் என்று ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தது. காலை பத்து மணிக்குக் கோப்போடு உள்ளே நுழைந்தேன்.

"புர்ஹான்னு ஒருத்தன் பேர்ல பர்மிட் இருக்கே, ஆள் எங்க ஹாஜி?" என்றேன்.

"உள்ள அடுப்புகிட்ட இருக்கான்யா. டேய் புர்ஹான்!" என்று திரும்பிய அபூ ராத்திபின் வாய் அப்படியே நின்றுவிட்டது. அடுப்பருகே யாரும் இல்லை. ஏப்ரன் ஆணியில் தொங்குகிறது. எனக்குப் பின்னால், கையில் பையோடு, ஈரக் கைகளோடு, வரிசையில் ஒருவன் நிற்கிறான்.

"இதோ இவன்தான்யா! டேய், உன் கார்டைக் காட்டுடா!"

"ரெண்டு கிலோ ரொட்டி" என்றான் புர்ஹான்.

"அடேய், என் குடியைக் கெடுக்காத! இனிமே ஒளிய வேணாம்டா, காட்டுடா கார்டை!"

"நான் ரொட்டி வாங்க வந்தேன். ரெண்டு கிலோ."

நான் அவன் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை சுத்தம். ஒரு பொட்டு மாவு இல்லை. என் மனசுக்குள் ஒரு சிரிப்பு வந்தது, இத்தனை வருட அனுபவத்தின் சிரிப்பு. "ஹாஜி, நாடகத்துக்கு ஆள் பிடிச்சீங்க, வசனம் சொல்லிக் குடுக்க மறந்துட்டீங்களே" என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து நானே அட்டையை எடுத்தேன். பெயருக்குரிய ஆள் இங்கே வேலை செய்யவில்லை, பர்மிட் வெறும் போர்வை என்று எழுதினேன். எழுதும்போது ஒரு நொடியாவது தயங்கினேனா? இல்லை. என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

பர்மிட் ரத்தானது. நகரத்தில் தங்கும் அனுமதியும் அதோடு போனது. புர்ஹானைப் பாலைவன அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். அவன் அக்கா குஃப்ரான் என் அலுவலக வாசலில் வந்து நின்றாள். "அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது ஐயா, சொல்லிக் குடுத்ததைச் சொன்னான்" என்றாள். சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன். உஸ்தாத் மம்தூஹ் என்றாள். அன்றைக்கு என் சந்தேகத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது.

பதினான்கு மாதம்! பதினான்கு மாதம் அந்த மனிதரை நான் துருவினேன். குறைபாடு உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறுகிறவன் சும்மாவா ஏறுவான்? எனக்குத் தெரியாத ஆட்களா? அவர் வீட்டைப் பார்த்தேன், இரண்டு அறை, ஒழுகுகிற கூரை. ஆஹா, எவ்வளவு சாமர்த்தியமாக ஏழை வேஷம் போடுகிறான் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் கேட்டேன், எல்லோரும் நல்லதாகவே சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். ஒன்றும் கிடைக்காதது எனக்கு இன்னும் பெரிய ஆதாரமாகப் பட்டது. இப்படியும் ஒரு மூளை இருக்குமா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் எதிரில்தான் நிற்கிறது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அலுவலகம் திறந்ததும், உஸ்தாத் வந்து என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காருவார். கெஞ்சமாட்டார். சிபாரிசுக் கடிதம் கொண்டுவரமாட்டார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று ஒரே வார்த்தை. "தப்பு என்னோடது. ஒளியச் சொல்லிக் குடுத்தவன் நான். பர்மிட் வந்த அன்னைக்கே அதை மாத்திச் சொல்லிக் குடுத்திருக்கணும், சந்தோஷத்துல மறந்துட்டேன். வந்து பாருங்க." நான் தாண்டிப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு ஒன்று சொன்னார். முகாமுக்குப் போய் புர்ஹானைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "அங்க தினமும் காலையில ரொட்டி குடுக்கிற இடத்துல வரிசை நிக்குது. அவனும் நிக்கிறான். ரொட்டியைக் கையில குடுத்தாலும் நகரமாட்டேங்கிறான். மறுபடி வரிசைக் கடைசிக்குப் போய் நின்னுக்கிறான். ஏன்டான்னு கேட்டேன். 'உஸ்தாத், அவர் போயிட்டாரா?'ன்னு கேக்கிறான்."

அந்த 'அவர்' நான். முகாமில், மணலில், வெயிலில், ஒரு மனிதன் நான் போய்விட்டேனா என்று கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறான். போய்விட்டார் என்று உஸ்தாத் அவனிடம் சொல்லியிருக்கலாமே? கேட்டேன். "சொன்னேன். அப்ப வாங்க உஸ்தாத், பேக்கரிக்குப் போலாம்னான். நான் என்ன சொல்றது அபூ நாயிஃப்?"

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் அந்தத் தரைக்கீழ் அறைக்குப் போனேன். பிடித்துவிடலாம் என்ற கடைசி ஆசை எனக்கு இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். உஸ்தாத் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு ஏப்ரனை எடுத்து நீட்டினார். "ஆள் குறையுது. பெட்டி மடிக்கத் தெரியுமா?" ஒரு வாரம் அங்கே பெட்டி மடித்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவள் அதோ இருக்கும் ஸல்வா. "சித்தப்பா, மறுபடியும் தலைகீழா மடிச்சிட்டீங்க" என்று அவள் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. பக்கத்து மேசையில் ஒரு பெண்ணுக்கு உஸ்தாத் குழாயைத் திறந்து மூடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமும் அதே குழாய். ஒருமுறைகூட அவர் குரல் உயரவில்லை. ஏழாம் நாள் அலுவலகத்துக்குப் போய், என் அறிக்கை தவறு என்று நானே எழுதிக் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படி எழுதியதில்லை. அதன்பிறகு பல மாதம் யாரும் என்னோடு தேநீர் குடிக்கவில்லை.

புர்ஹான் திரும்பி வந்தான். இன்னொரு பர்மிட்டும் வந்தது. வேலை முடிந்ததா? இல்லை! அவனுக்குள் அடித்த ஆணி அப்படியே இருக்கிறதே! உஸ்தாத் என்னிடம் வந்தார். "அபூ நாயிஃப், உங்களால ஒரு உதவி ஆகணும். நீங்க ஆய்வாளரா வரணும்." நான் ஆய்வாளர்தானே என்றேன். "தினமும் வரணும். பத்து மணிக்கு. அதே கோப்போட, அதே முகத்தோட. முகத்தை மட்டும் மாத்திடாதீங்க, அதுதான் முக்கியம்" என்றார்.

தினமும் பத்து மணிக்குப் போனேன். அவன் தினமும் ஏப்ரனைக் கழற்றினான், கை கழுவினான், வரிசைக்குப் போனான். அபூ ராத்திப் தலையில் அடித்துக்கொள்வார். உஸ்தாத் பொறுமையாக அவனை அடுப்பருகே கூட்டிப்போய் நிறுத்துவார். பிறகு ஒரு நாள் ஏப்ரனைக் கழற்றாமல் வரிசைக்கு வந்தான். அதற்கே உஸ்தாத் கைதட்டினார். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் நான் உள்ளே நுழைந்தேன். புர்ஹான் என்னைப் பார்த்தான். கை ஏப்ரன் முடிச்சுக்குப் போனது. நின்றது. மாவுக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு அட்டையை எடுத்து நீட்டினான். "சித்தப்பா, இது என் கார்டு. ஓரமா நில்லுங்க, தட்டு சூடு."

நான் ஓரமாக நின்றேன். நின்று அழுதேன். இருபத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், காலில் விழுந்திருக்கிறார்கள். ஒருவரும் என்னை ஓரமாக நிற்கச் சொன்னதில்லை.

அன்று மாலை உஸ்தாதிடம் சொன்னேன், இனி என் வாழ்நாளில் யாரையும் சந்தேகப்பட மாட்டேன் என்று. அவர் பதறிப்போனார். "ஐயோ, அதை மட்டும் விட்டுடாதீங்க. உங்ககிட்ட இருக்கிற ஒரே திறமை அது. ஆனா நீங்க ஆள் மாத்திச் சந்தேகப்பட்டீங்க. கை கழுவிட்டு நிக்கிறவனைப் பாத்துச் சந்தேகப்பட்டீங்க. பேனா பிடிச்சிருக்கிறவனைப் பாத்து ஒரு தடவையாவது பட்டீங்களா? அன்னைக்குப் பேனா உங்க கையில இருந்துச்சு."

பெரியோர்களே, இப்போது நான் அந்தப் பச்சைக் கோப்புக்கு வருகிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் திரு. வஜ்தி, உட்காருங்கள்.

இந்த வேலைவாய்ப்பு இன்றைக்கு வந்ததல்ல. மூன்று மாதத்துக்கு முன்பே உஸ்தாதிடம் வந்தது. அவர் என்ன செய்திருப்பார்? தெரிந்ததுதானே. நான் முதலில் அங்கே வந்து ஒரு வாரம் வேலை செய்கிறேன், துணி மடிக்கிறேன், அவர்கள் தூங்கப் போகும் கட்டிலில் தூங்குகிறேன் என்று எழுதினார். பதில் வந்தது. இந்த வயதில் தாங்கள் சிரமப்பட வேண்டாம், விசா கடினம் என்று. பன்னிரண்டு பேருக்குக் கிடைக்கிற விசா ஒரு கிழவருக்கு ஒரு வாரத்துக்குக் கிடைக்காதா? உஸ்தாத் மறுபடி எழுதினார், மறுபடி அதே பதில். அவர் கையெழுத்துப் போடவில்லை. நாற்பது நாளைக்கு முன்னால், ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலையைப் பார்த்துவர, பலர் சேர்ந்து ஏறும் சர்வீஸ் டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தார். பின் இருக்கையில், மடியில் ரப்பர் கையுறையோடு, சத்தமில்லாமல் போய்விட்டார். இறங்கவேண்டிய இடம் வந்தும் இறங்கவில்லையே என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்தாராம்.

அவர் கையெழுத்துப் போடாத அதே கோப்பு, நாற்பது நாளில், அவர் பெயரைத் தாங்கி வந்திருக்கிறது! அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள்: 'உஸ்தாத் மம்தூஹ் மஸாலிமா நினைவு வேலைத்திட்டம்'. உயிரோடு இருந்தவரைச் சிரமப்பட வேண்டாம் என்றவர்கள், செத்தவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்களே! இது எந்த ஊர் மரியாதை?

உள்ளே படித்தேன். வேலை நேரம், 'நிர்வாகத்தின் விருப்பப்படி'. தங்குமிடம், 'பின்னர் அறிவிக்கப்படும்'. பாஸ்போர்ட் 'பாதுகாப்புக்காக' நிறுவனத்திடம் இருக்கும். யாருடைய பாதுகாப்பு? ஒருவன் பயந்துபோய் அக்காவைக் கூப்பிட வேண்டும் என்றால் தொலைபேசி யார் கையில் இருக்கும்? அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வேலை சொல்லிக்கொடுக்க அங்கே யார் இருக்கிறார்? என்ன சொல்கிறீர்கள் திரு. வஜ்தி? 'இது அஞ்சலிக் கூட்டம், தொழில் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்' என்கிறார். சரிதான் ஐயா. அப்படியென்றால் மைப்பெட்டியையும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

நீங்கள் நல்லவராகவே இருக்கலாம், திரு. வஜ்தி. அந்த ஆலை தங்கமான ஆலையாக இருக்கலாம். ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று பதினான்கு மாதம் நினைத்தவன் நான், என் மூக்கு எவ்வளவு தப்பு செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் திருடர் என்று நான் சொல்லவில்லை. காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குஃப்ரான், மகளே, உன்னைக் குறை சொல்ல நான் யார்? நீ தூங்கி எத்தனை வருடமாயிற்று? உனக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற கேள்வி உன் நெஞ்சை அரிக்கிறது. ஒரு கதவு திறக்கிறது என்றால் யார்தான் கையெழுத்துப் போடமாட்டார்கள்? ஆனால் ஒன்று கேட்கிறேன், நம் எல்லோரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இந்த மண்டபத்தில் புர்ஹானைக் கேட்டது யார்?

புர்ஹான்! இங்க பாருப்பா. விமானத்துல ஏறி தூரமா ஓர் ஊருக்கு வேலைக்குப் போறியா?

என்ன? சத்தமா சொல்லு, பயப்படாத.

'போறேன்' என்கிறான்! கேட்டீர்களா? போறேன் என்கிறான். சிரிக்காதீர்கள், சிரிக்க இதில் என்ன இருக்கிறது? சரி, அங்கே என்ன வேலைப்பா?... 'ரொட்டி' என்கிறான். அங்கே ரொட்டி வேலை இல்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. பெரியோர்களே, அவன் போக ஆசைப்படுகிறான், அந்த ஆசையை மிதிக்க எனக்கு உரிமை கிடையாது. அவனை இந்த ஊரிலேயே பூட்டிவைப்பதற்கு உஸ்தாத் பதினோரு மாதம் சன்னல் சன்னலாக நடக்கவில்லை. உலகத்தில் எங்கே வேலை இருந்தாலும் அங்கே போக அவனுக்கு வழி இருக்கவேண்டும், போன இடத்தில் அவன் ஒளியாமல் நிற்கவேண்டும். என் பயமெல்லாம், அவன் 'போறேன்' என்று சொன்ன ஊரும் இந்தக் கோப்பில் இருக்கிற ஊரும் வேறுவேறு என்பதுதான்.

ஆகவே உஸ்தாதின் பெயரால் இந்தச் சபையில் சொல்கிறேன். இன்று இங்கே யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. கோப்பு இதோ என் அக்குளில் இருக்கிறது, மேடை ஏறும்போதே எடுத்துக்கொண்டேன். மேசையில் இப்போது இருப்பது மைப்பெட்டி மட்டும்தான். திரு. வஜ்தி, எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு, ஆனால் போர்வை மடிக்கக் கை இருக்கிறது. உங்கள் ஆலையில் எனக்கு ஒரு வாரம் வேலை கொடுங்கள். அவர்கள் சாப்பிடும் தட்டில் சாப்பிடுகிறேன், அவர்கள் படுக்கும் கட்டிலில் படுக்கிறேன். திரும்பி வந்து கண்டதைச் சொல்வேன். நல்லதென்றால் புர்ஹானுக்கு அந்த வேலையை முதலில் இருந்து கற்றுக்கொடுப்போம். அவன் தெருவில் ஒரு புது ஆளிடம் போய்த் தன் வாயால் சொல்லட்டும். பிறகு நானே அவனை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன். விசா கடினம் என்று எனக்கும் பதில் வந்தால், உங்கள் மலர் வளையத்தை நானே சுமந்துவந்து உங்கள் அலுவலக வாசலில் வைப்பேன்.

இது என் உறுதிமொழி. உஸ்தாத் மம்தூஹ் அவர்களே, உங்கள் தரைக்கீழ் அறையின் சாவி உங்கள் துணைவி உம்மு யமானிடமிருந்து என் கைக்கு வந்திருக்கிறது. நாளைக் காலை திறப்பேன். உங்களைப் போல் எனக்குப் பொறுமை இல்லை, உங்கள் குரல் எனக்கு இல்லை. பெட்டியை இன்னும் தலைகீழாகத்தான் மடிக்கிறேன்.

கடைசியாக உங்களிடம், இங்கே கூடியிருக்கும் உங்களிடம், ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். நான் இவ்வளவு பேசினேன், நீங்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். ஆகா, நல்ல மனிதர், இனி இவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பீர்கள். நினைக்காதீர்கள்! இப்போது கோப்பு யார் கையில் இருக்கிறது? என் கையில். பேனா யார் பையில் இருக்கிறது? என் பையில். ஒரு தடவை இதே பேனாவால்தான் இவனை மணலில் நிற்கவைத்தேன். என்னை நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். புர்ஹான் எங்கே என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறான் என்று நான் சொன்னால் திரும்பிப் போகாதீர்கள். அவனைப் பார்க்காமல் என் வாசலை விட்டு நகராதீர்கள்.